பெரியக்கா இளைத்த கதை

அந்த ஓட்டலின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பிரிவில் இருந்த எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவள் என்பதால் வந்த பெயரா, உருவத்தைப் பார்த்து வந்த பெயரா என்று யாரும் விளக்கியதில்லை. "ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வச்சிருப்பாங்க. ஒரே பேர்ல ரெண்டு வேலை முடிஞ்சுது பாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அடுத்தவர் கேலி செய்வதற்குள் தானே முந்திக்கொள்வது அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் பிறக்கவில்லை. மாடி அறைகளிலிருந்து படுக்கை விரிப்புகள் தகரக் குழாய் வழியாக வந்து தொப்பென்று விழுந்தபடியே இருக்கும். வெளுத்து எடுக்கும்போது ஈரத்தோடு அவை பிணக் கனம் கனக்கும். இரண்டு பேர் தூக்குவதை அவள் ஒருத்தியாகத் தூக்கி வண்டியில் போடுவாள். சூடான உருளைக்குள் போய் இஸ்திரியாகி வரும் விரிப்பை மடிக்க மட்டும் எதிரே ஒருத்தி வேண்டும். எதிரே நிற்பவளுக்கு ஊசி என்று பெயர். பக்கவாட்டில் திரும்பினால் ஆள் காணாமல் போய்விடுவாள், அவ்வளவு ஒல்லி. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறி, நடந்து நெருங்கி, முனையோடு முனை சேர்த்து மறுபடி விலகுவார்கள். ஊசியும் நூல்கண்டும் என்று அந்தப் பிரிவில் அவர்களுக்குப் பெயர்.

படிக்கட்டுதான் அவளுக்கு எதிரி. வேலை முடிந்து மேலே ஏறும்போது பாதியில் நின்றுவிடுவாள். மூச்சு வாங்குவது தெரியாமலிருக்க, பைக்குள் எதையோ தேடுவதுபோல் துழாவுவாள். பின்னால் வருபவர்கள், "பெரியக்கா சாவியைத் தேடுறாங்க" என்று ஒதுங்கிப் போவார்கள். புருஷனே சாவிக்கடை வைத்திருப்பவர்; அவளுக்கா சாவிக்குப் பஞ்சம்? ஆனாலும் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

உடம்பைக் குறைக்க அவள் முயலாமல் இல்லை. முயற்சி எல்லாம் திங்கட்கிழமை பிறந்து வியாழக்கிழமை செத்துப்போனது. வீட்டில் சமையல் புருஷன் பொறுப்பு. கடை பக்கத்திலேயே இருப்பதால் முன்னதாக வந்துவிடுவார். வாய் பேசத் தெரியாத மனிதர், கரண்டியால் பேசுவார். அவள் களைத்து வந்தால் முட்டை இரண்டு கூடும். அவள் அழுது வந்தால் உருளைக்கிழங்கு எண்ணெயில் விழும். அதை வேண்டாம் என்று தள்ள அவளுக்கு மனசு வராது.

இப்படியே போயிருக்கும். தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது என்ற செய்தி வந்ததும் எல்லாம் தலைகீழானது.

தம்பி அவளைவிடப் பத்து வயதுக்கு இளையவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன், இரத்த அழுத்தத்தை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிட்டான். இப்போது பணிமனையில் உட்கார்ந்த வேலை. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு இணைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசையிலும் அவன் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

அவன் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவளால் தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முடியாது என்றார்கள். பெரியக்காவுக்கு எல்லாம் பொருந்தியது, எடையைத் தவிர.

"தம்பிக்கு ஒண்ணைக் கொடுத்துட்டு, மிச்சம் இருக்கிற ஒண்ணை வச்சு நீங்க காலம் பூரா ஓட்டணும்மா" என்றார் ஆஸ்பத்திரியின் பெண் மருத்துவர். "இந்த எடையில அது ஆபத்து. ஆபரேஷனே ஆபத்து. நல்லா குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

"பட்டினி கிடந்தா எத்தனை நாள்ல குறையும் டாக்டர்?"

"பட்டினி கிடந்தீங்கன்னா உங்களையும் அவர் பக்கத்துப் படுக்கையில போட வேண்டியதுதான். மெதுவா குறையணும். ஒரு வருஷமோ ஒண்ணரை வருஷமோ ஆகட்டும்." எந்த எடைக்குக் கீழே வர வேண்டும் என்றும் சொன்னார். கல்யாணத்தின்போதுகூட அவள் அந்த எடையில் இருந்ததில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்திருக்கவில்லை. "விடுக்கா. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"வாயை மூடு. பிறந்ததுலேர்ந்து உன்னைச் சுமந்தாச்சு. இப்ப இருக்கிற சுமையில கொஞ்சத்தை இறக்கி வைக்கச் சொல்றாங்க, அவ்வளவுதானே" என்றாள்.

மறுநாளே பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தாள். ஒரு வாரத்தில் முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கின. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், "தண்ணிக்குள்ள நடங்க. பாரம் முட்டியில இறங்காது" என்றாள். அப்படித்தான் அவள் பொது நீச்சல் குளத்துக்குப் போனாள். காலையில் பெண்களுக்கென்று ஒரு நேரம் உண்டு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் கரையில் நின்றபோது, எல்லாக் கண்ணும் தன்மேல் இருப்பதாகத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் அவரவர் தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் விசிலோடு காவலுக்கு இருந்த பெண் மட்டும் பார்த்தாள். "ஆழம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் நடக்கலாம். கம்பியைப் பிடிச்சுக்குங்க" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

கம்பியைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். தினமும் நடந்தாள்.

வீட்டில்தான் சிக்கல். தட்டில் பாதி குறைந்தது. அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "நீ இப்படிக் கொறிச்சுக்கிட்டு இருந்தா நான் எப்படிச் சாப்பிடறது?" என்று ஒரு நாள் கேட்டார். அவருடைய கணக்கில் அது நீண்ட பேச்சு. அப்புறம் அவரும் தட்டில் குறைத்துக்கொண்டார். பரவாயில்லையே என்று அவள் நெகிழ்ந்தாள், அவர் மீசையில் எண்ணெய் வாசனையை மோந்து பிடிக்கும்வரை. கடைக்குப் பக்கத்திலேயே வறுவல் கடை இருந்தது.

முதல் சில மாதம் எடை மளமளவென்று இறங்கியது. சீருடையைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. "அக்கா, இப்படியே போனா எனக்குப் போட்டியா வந்துடுவீங்க போல" என்றாள் ஊசி. மேலாளர்கூட நின்று விசாரித்துவிட்டுப் போனார். காணாததைக் கண்டதுபோல் எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியே பாதிப் பசியை அடக்கியது.

சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் தம்பியின் படுக்கை அருகே உட்கார்ந்துகொள்வாள். அவன் தண்ணீரை அளவாகத்தான் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஒரு பனிக்கட்டியை வாயில் போட்டு உறிஞ்சிக்கொண்டிருப்பான். அவள் பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்துக் கடிப்பாள்.

"நல்ல குடும்பம்டா நம்ம குடும்பம். நீ தண்ணிக்கு அழறே, நான் சோத்துக்கு அழறேன்."

"பக்கத்துல உட்கார்ந்து கடக் முடக்குன்னு கடிக்காதக்கா. அதுலயும் தண்ணிதான் இருக்கு. பார்த்தாலே நாக்கு ஊறுது."

"அப்ப நீ ஐஸைச் சப்பறதை நிறுத்து. எனக்கு ஐஸ்கிரீம் ஞாபகம் வருது."

நர்ஸ் திரும்பிப் பார்க்கும்வரை இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவன் முகம் மறுபடி சாம்பல் நிறத்துக்குப் போகும். அந்த நிறம் அவளை மறுநாள் காலையில் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். வேறு ஊக்கம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஒரு கட்டத்தில் எடை இயந்திரத்தின் முள் நின்றுவிட்டது. அதே நடை, அதே அரைத் தட்டு. வாரம் போய், மாதமும் போனது. முள் மட்டும் ஆணி அடித்ததுபோல் அசையவில்லை. புகழ்ந்தவர்கள் அவளுடைய புது உருவத்துக்குப் பழகி, புகழ்வதை நிறுத்தியிருந்தார்கள். மாடியில் பெரிய விருந்து நடந்த ஒரு நாள், மீந்துபோன கேக் ஊழியர் அறைக்கு வந்தது. பெரியக்கா தனியாகப் போய் நின்றபடியே கையால் எடுத்துத் தின்றாள். ருசி தெரியவில்லை, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பாதிக் கேக் போயிருக்கும், கதவு திறந்தது. ஊசி.

ஊசி கதவைச் சாத்திக்கொண்டு வெளியிலேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரும் வரலக்கா. மெதுவா சாப்பிடுங்க, விக்கிக்கப் போகுது" என்று அவள் குரல் மட்டும் வந்தது.

அப்போதுதான் பெரியக்காவுக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மறுநாள் வீங்கிய முகத்தோடு குளத்துக்குப் போனாள். நின்ற முள் பிறகு எப்போது நகர்ந்தது என்று அவளுக்கே நினைவில்லை. முரட்டு மாடுபோல் ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. இரண்டாவது வருஷம் பாதி போனபோது மருத்துவர் சொன்ன எடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று மாதம் போதும் என்று மருத்துவரே சொன்னார்.

அந்த வாரத்தில் ஒரு மதியம். விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை மேற்பார்வையாளர் ஓடிவந்து கூப்பிட்டார். தொலைபேசியில் தம்பி மனைவி மூச்சு வாங்கினாள்.

"அண்ணி! கிடைச்சிருச்சு அண்ணி! யாரோ விபத்துல போயிட்டாங்களாம், அவங்க வீட்டுல கொடுக்கச் சம்மதிச்சுட்டாங்களாம். உடனே வரச் சொல்றாங்க!"

வரிசை நகர்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நடைபாதையில் நின்று எல்லோரும் அழுதார்கள், அவளும் அழுதாள். முகம் தெரியாத அந்த வீட்டாரை நினைத்தும் அழுதாள். மருத்துவர் அவள் தோளைத் தட்டி, "இனி நீங்க கவலைப்பட வேண்டாம்மா. உங்களுக்கு வேலை மிச்சம்" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். எங்கே போவதற்காக எழுந்தோம் என்று புரியாதவள்போல் அப்படியே இருந்துவிட்டு, திரும்பப் படுத்துக்கொண்டாள்.

சந்தோஷம்தான். தம்பி பிழைத்தான் என்பதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் செருப்புக்குள் கல் மாதிரி ஒன்று உறுத்தியது. ஒரு விருந்துக்காக ஒன்றரை வருஷம் பார்த்துப் பார்த்துச் சமைத்து, கடைசியில் விருந்தாளி வேறு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் வெட்கமாகவும் இருந்தது. வெளியில் சொல்லக்கூடிய வருத்தமா இது? யாரிடமும் சொல்லவில்லை.

குளத்துக்குப் போவது நின்றது. வீட்டுக்காரர் மகிழ்ச்சியாகக் கரண்டியை எடுத்தார். தம்பி பிழைத்த மகிழ்ச்சிக்கு ஒரு வாரம், அப்புறம் பழக்கத்துக்கு ஒரு வாரம் என்று தட்டு நிறைந்தது. பிடித்துத் தைத்த சீருடையின் தையலைப் பிரித்தாள். அடுத்த சில மாதங்களில் குறைந்ததில் பாதி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. படிக்கட்டில் மறுபடியும் பைக்குள் துழாவ வேண்டி வந்தது. ஊசி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நிற்பாள்.

தம்பி தேறிவிட்டான். சாம்பல் நிறம் போய் முகத்தில் பழைய களை வந்தது. ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனாள். அவன் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கண்ணெதிரே நிறுத்தாமல் மடமடவென்று குடித்துக் காட்டினான். குடித்து முடித்துவிட்டு அவளையே பார்த்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. சொன்னா அடிப்பே."

"அடிக்கிற மாதிரி இருந்தா அடிப்பேன். சொல்லு."

"நீ ஒவ்வொரு தடவையும் எடை பார்க்க ஏறுவே இல்ல? அப்பல்லாம் நான் உள்ளுக்குள்ள, குறையக்கூடாது, குறையக்கூடாதுன்னு வேண்டிக்குவேன்."

"எதுக்குடா?"

"உன்னைக் கீறி எடுத்து எனக்கு வைக்கிறதை என்னால நினைச்சுப் பார்க்க முடியல. வேண்டாம்னா நீ கேட்க மாட்டே. நீ குறையக் குறைய எனக்குப் பயம் ஏறிக்கிட்டே போச்சு. அந்த முள்ளு நின்னுச்சே ஒரு சமயம், அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன்."

"அடப்பாவி! நான் அங்க கேக்கைத் தின்னுட்டு ஓன்னு அழுதுக்கிட்டிருந்தேன். முள்ளு நகராததுக்கு நீதான் காரணமா?"

அவன் தலை குனிந்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான், தம்பி மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வழியில் சிரிப்பு அடங்கி, கோபம் வந்தது. அவன்மேல் வந்த கோபம் தெருமுனைக்குள் தீர்ந்துபோனது. மிச்சமிருந்த கோபத்துக்கு யார் காரணம் என்று தேடிக்கொண்டே நடந்தாள். மருத்துவர் குறைக்கச் சொன்னார், குறைத்தாள். தம்பி குறையக்கூடாது என்று வேண்டியிருக்கிறான். வீட்டுக்காரருக்கு அவள் தட்டு நிறைந்தால் போதும். இந்த உடம்பைப் பற்றி இத்தனை பேருக்கு இத்தனை அபிப்பிராயம் இருக்க, இதற்குள் இருப்பவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்களைச் சொல்வானேன், அவளே கேட்டுக்கொண்டதில்லை. உடம்பைத் தம்பிக்கான உதிரிப்பாகப் பெட்டியாகத்தான் ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாகம் வேண்டாம் என்றதும் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டாள்.

இளைத்திருந்த நாட்களில் தனக்கு எது பிடித்திருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். மூச்சைப் பிடிக்காமல் குனிந்து செருப்பு வார் மாட்டியது பிடித்திருந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒதுங்காமல் உட்கார்ந்தது பிடித்திருந்தது. எல்லாவற்றையும்விடத் தண்ணீர் பிடித்திருந்தது. அங்கே அவள் கனமே இல்லாமல் இருந்தாள்.

மறுநாள் குளத்தில் விசில்காரி அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "என்னக்கா, ஆளையே காணோம்? ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமாம்மா. பழைய ஊருக்கு."

இந்தத் தடவை முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பு தம்பியின் முகம் முதுகில் கைவைத்துத் தள்ளியது. இப்போது தள்ள யாருமில்லை. மழை பெய்தால் போக வேண்டாம் என்று தோன்றியது, பெய்யாவிட்டால் மழை வரும்போலிருக்கிறதே என்று தோன்றியது. சாக்குகளுக்கா பஞ்சம்? கடைசியில் தனக்குத்தானே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். போய் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம், தன்னையே திட்டிக்கொள்ளக் கூடாது. அப்படித் திரும்பி வந்த நாட்களும் உண்டு. மிகக் குறைவு.

முழங்கால் வலியையும் அவள் இப்போது தம்பிக்கான தியாகமாக எண்ணவில்லை. வலித்தால் ஒரு நாள் ஓய்வெடுத்தாள். எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, எப்போதாவது நினைவு வந்தால் இழுத்து ஏறினாள். ஒரு நாள் விசில்காரி, "எத்தனை வருஷம்க்கா அந்தக் கம்பியையே பிடிச்சுக்கிட்டு இருப்பீங்க? அதுக்கும் கை வலிக்காதா?" என்று சொல்லி, தண்ணீரில் இறங்கி அவள் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். பெரியக்கா மல்லாந்து படுத்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்து ஊர்ச்சத்தம் அடங்கியது. தன் மூச்சு மட்டும் கேட்டது. விசில்காரியின் கை எப்போது விலகியது என்றே தெரியவில்லை. "எங்கம்மா உன் கை?" என்று பதறினாள். அடுத்த நொடி ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டு எழுந்தாள். ஆனாலும் மிதந்தது மிதந்ததுதான்.

வீட்டுச் சிக்கலைப் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. ஓர் இரவு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க சமைச்சதை வேண்டாம்னா உங்களையே வேண்டாம்னு சொல்ற மாதிரி நினைச்சுக்கிறீங்க. எனக்கும் அப்படித்தான் தோணும், அதான் தின்னுக்கிட்டே இருந்தேன். எனக்குச் சாப்பாடு கொஞ்சம் போதும். நீங்க எதிர்ல உட்கார்ந்து ஏதாவது பேசுங்க."

"நான் என்னத்தைப் பேசறது?"

"இன்னிக்கு யாரு பூட்டைத் தொலைச்சா, யாரு சாவியைத் தொலைச்சா, அதைச் சொல்லுங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அப்புறம், குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட ஒருவரை வெளியே எடுக்கப் போனதையும், கதவைத் திறந்ததும் அந்த ஆள் உள்ளே சோப்பு நுரையோடு உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். மோசமில்லாமல் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் ஒரு பூட்டாவது திறக்கப்படும். அவள் மெதுவாகச் சாப்பிடுவாள். அவர் பேச்சு சுவாரசியத்தில் தன் தட்டையே மறந்துவிடுவார்.

மருத்துவர் அன்று சொன்ன எடைக்குக் கீழே அவள் போனாளா என்றால், போனாள். ஒரு மழைக்காலத்தில் போனாள், அடுத்த கோடையில் மேலே வந்தாள், அதற்கடுத்த வருஷம் மறுபடி போனாள். முதல் தடவை அந்த எண்ணைப் பார்த்தபோது இறங்கி, இன்னொரு தடவை ஏறிப் பார்த்தாள். வேலைக்குப் போய் ஊசியிடம் மட்டும், விரிப்பை உதறும் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள். ஊசிக்குக் காதில் சரியாக விழவில்லை. "என்னக்கா?" என்று கத்தினாள். "ஒண்ணுமில்ல, இழுத்துப் பிடி" என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

பிறகு ஒரு தடவை, தளக்கல் மாற்றுவதற்காகக் குளத்தை இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். பழைய ஊர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பெரியக்காவுக்குத்தான் தெரியுமே. அன்று சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கடையைப் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர், அப்படியே திரும்பி அவளோடு நடந்தார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி போவதற்குள் அவருக்கு மூச்சு இளைத்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கால் வலிச்சா சொல்லுங்க, திரும்பிடலாம்."

"வலிக்குது."

"எந்தக் கால்?"

அவர் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்தார். "சரியா தெரியல" என்றார்.

"தெரிஞ்சதும் சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. இருவரும் பாலத்தின் உச்சிவரை நடந்து, அங்கே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். பைக்குள் எதையும் தேடாமல், எல்லோரும் பார்க்கும்படியாகவே வாங்கினார்கள்.